ரெண்டு தடத்தில் நாலு சத்தம்

1977-ல் ஸ்டார் வார்ஸோட 35 மி.மீ. டால்பி ஸ்டீரியோ பிரிண்ட்ல இருந்தது ரெண்டே ஒலித்தடம். தியேட்டர்ல கேட்டதோ நாலு சேனல்: இடது, நடு, வலது, சரவுண்ட். எப்படி? டயலாக்கை ரெண்டு தடத்துலயும் ஒரே மாதிரி பதிஞ்சாங்க. சரவுண்டை எதிரெதிர் ஃபேஸ்ல. இடதுல இருந்து வலதைக் கழிச்சா டயலாக் அடிபட்டுப் போகும், சரவுண்ட் மிஞ்சும். சாதா கழித்தல் கணக்குதான்!

இந்தப் படங்கள் ஸ்டீரியோ வீடியோ டேப்பா வந்தப்போ அந்தத் தடங்களும் கூடவே வந்துச்சு. சரவுண்ட் வீட்டுக்குள்ள வந்தாச்சு, பிரிச்சுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. 1982-ல் டால்பி சரவுண்ட் டிகோடர் வந்தது. ஆனா முன்பக்க சத்தம் பின்னாடி கசியும். அதை மறைக்க பின் ஸ்பீக்கரை சுமார் 20 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினாங்க. முதல்ல வந்த திசையைத்தான் காது நம்பும். 1987-ல் புரோ லாஜிக், எந்தப் பக்கம் சத்தம் ஓங்குதோ அதைக் கவனிச்சு மத்ததை அடக்குச்சு, நடு சேனலையும் தனியா கொடுத்துச்சு.

டேப் அதே பழைய டேப்! டிகோடர் மட்டும் தேறிக்கிட்டே வந்தது. இன்ஜினியரா எனக்கு இதுதான் அழகு.

1992-ல் பேட்மேன் ரிட்டர்ன்ஸோட வந்த டால்பி டிஜிட்டல் சேனல்களைத் தனித்தனியா பதிஞ்சது. கசிவு போச்சு. ஆனா வீட்ல அதை முழுசா கேட்க டிஸ்க், பிளேயர், ரிசீவர் எல்லாமே புதுசு வேணும். அன்னைக்கு ஆரம்பிச்ச காத்திருப்பு இது. என் ரிசீவர் மூணு வாரமா ‘வந்துக்கிட்டே’ இருக்கு.