தீர்மானம் போட்ட டாக்டரம்மா



நம்ம வீட்டுப் பிள்ளை கர்ப்பமானதும் கிராம செவிலியரிடம் பதிவு செய்கிறோம். பாஸ்புக் நகல், ஆதார் நகல் கொடுக்கிறோம். ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் உதவி வரும் அந்தத் திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். எத்தனை தவணை வந்துச்சுன்னு கேட்கிறோம். அந்தம்மா யாருன்னு கேட்பதில்லை. இந்த மலரில் எழுதச் சொன்னதும் அவரைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த குடும்பத்தில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1926-ல் மாதர் சங்கத்தினரின் முயற்சியால் அவர் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமன உறுப்பினர் ஆனார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர்தான். அத்தனை ஆண்களும் சேர்ந்து அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கௌரவத்துக்குக் கொடுத்த நாற்காலி என்று சிலர் நினைத்திருக்கலாம். அவர் அதில் சும்மா உட்காரவில்லை.

நாமெல்லாம் கோயில் ஊர்க்காரங்க. பௌர்ணமிக்கு வரும் கூட்டத்தை நம்பிப் பூ கட்டுறோம், இட்லிக்கடை போடுறோம். கோயிலை நம்பிப் பிழைப்பது நமக்குப் புதுசில்லை. அந்தக் காலத்தில் பெரிய கோயில்கள் பலவற்றில் சிறு பெண் பிள்ளைகளைப் பொட்டுக்கட்டி விட்டுவிடுவார்கள். ஆட்டம், பாட்டு எல்லாம் கற்றவர்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. பணக்காரர் தயவில்தான் பலருடைய வாழ்க்கை ஓடியது. கோயில் வேலைக்காக அவர்களுக்கு மானிய நிலம் உண்டு. வேலையை விட்டால் நிலமும் போகும். அப்புறம் எப்படி வெளியே வருவாள்?

டாக்டரம்மா அந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தார். பொட்டுக்கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று 1927-ல் தீர்மானம் கொண்டு வந்தார். 1929-ல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. இனி கோயில் வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, நிலம் அவள் கையிலேயே இருக்கும் என்பதுதான் அதன் சாரம். "விடுதலை" என்று சொன்னால் மட்டும் போதாது, சோத்துக்கு வழி வேண்டும். குழுவில் கடன் வாங்கி மாடு பிடித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

எதிர்ப்பும் வந்தது. சாஸ்திரம், கலை அழியும் என்று பெரிய மனிதர்கள் பேசினார்கள். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் எதிர்த்து மனு கொடுத்தார்கள். அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். நம்ம பிள்ளைகள் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் புதுமைப்பெண் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒருவர் சபைக்குள்ளே, ஒருவர் சபைக்கு வெளியே. ரெண்டு பேரும் இருந்ததால்தான் காரியம் நடந்தது.

1930-ல் காந்தியைக் கைது செய்தபோது டாக்டரம்மா பதவியை ராஜினாமா செய்தார். சபையில் இருந்தது நாலு வருஷத்துக்கும் குறைவு. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் அப்போது நிறைவேறவில்லை. 1947 அக்டோபரில்தான் அது வந்தது. நடுவில் 17 வருஷம். அவர் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலியில், பல வருஷம் நன்கொடை திரட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. 1956-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968-ல் காலமானார்.

பதவி கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் அவர் என்ன கேட்டார், யாருக்காகக் கேட்டார் என்பதுதான் இன்றும் நிற்கிறது.

இன்றைக்கு நம் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நம்ம கூட்டமைப்பிலிருந்தே வார்டு உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் கையெழுத்து நம்மது, பேச்சு வீட்டுக்காரருடையது. நாற்காலியில் உட்காருங்கம்மா, வாயையும் திறங்க. உட்காராதவர்களும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்கு வாங்க. தண்ணியோ, பட்டாவோ, அங்கன்வாடிக் கட்டிடமோ, கேட்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்க. வாராவாரம் குழுவில் தீர்மானம் எழுதிப் பழகியவர்கள் நாம். இதுவும் நம்மால் முடியும்.