ஆறு விழுக்காடு யாரைச் சேர்கிறது? இந்திய – இலங்கைக் கல்விச் செலவும் செங்கல்பட்டின் சான்றும்

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இந்தியா கல்விக்குச் செலவிடும் பங்கு எவ்வளவு? ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை அண்மை ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2.9 விழுக்காடு என்கிறது. கல்வி அமைச்சகத்தின் கணக்கோ 4 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இரண்டும் பொய்யல்ல. கல்வித் துறைக்கு வெளியே பிற துறைகள் கல்விக்காகச் செலவிடுவதையும் அமைச்சகம் சேர்த்துக்கொள்கிறது.

அந்தப் ‘பிற துறைகள்’ எவை என்பதை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தில் காணலாம். அந்நகரியத்தின் அணுசக்தி மத்தியப் பள்ளிகள் அணுசக்தித் துறையின் பணத்தில் நடப்பவை. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், நலத் துறையின் பணத்தில் நடப்பவை. இவ்விருவகைப் பள்ளிகளும் ஒன்றல்ல என்பதை அக்கடற்கரையோரச் சேரிகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேசிய விழுக்காட்டிலோ இரண்டும் ஒரே கூட்டுத்தொகையில் கரைந்துவிடுகின்றன.

இந்த எச்சரிக்கையோடுதான் இலங்கையுடனான ஒப்பீட்டை அணுக வேண்டும். 1931இல் அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற அத்தீவில், கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960களில் அதன் கல்விச் செலவு உற்பத்தியில் 4 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. இந்தியாவோ 1951-52இல் 0.64 விழுக்காட்டில் தொடங்கி, 1990-91இல்தான் 3.84ஐ எட்டியது. பிறகு நிலை தலைகீழானது. இலங்கையின் பங்கு சரிந்து, 2010களில் 2 விழுக்காட்டையொட்டி நின்றது. கோத்தாரி ஆணையம் (1964-66) இந்தியாவுக்குப் பரிந்துரைத்த அதே 6 விழுக்காட்டைக் கேட்டு, 2012இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். இரு நாடுகளிலும் அது இன்றுவரை கோரிக்கையாகவே இருக்கிறது.

குறைவாகச் செலவிடும் இலங்கையில் எழுத்தறிவு 90 விழுக்காட்டுக்கு மேல். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி 73. பட்டியல் சாதியினரிடையே 66.1. முற்பட்ட காலத்திலேயே, பெரும்பாலான ஊர்களுக்கும் பரவலாகச் செலவிட்டதன் பயன் இது. ஆனால் அப்பரவலுக்கும் விளிம்பு இருந்தது. தேயிலைத் தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் 1970கள் வரை தோட்ட நிர்வாகங்களின் பள்ளிகளிலேயே விடப்பட்டனர். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் பிள்ளைகள் அவர்கள். அம்மக்களில் கணிசமானோர் தலித்துகள். யாழ்ப்பாணத்தில் 1930ஐ ஒட்டி உதவிபெறும் பள்ளிகளில் சமஆசனம் கட்டாயமானபோது சில பள்ளிகள் எரிக்கப்பட்டன. தேசிய விழுக்காடு இவற்றில் எதையும் காட்டாது.

இந்தக் கேள்வியை அரசு ஏட்டிலேயே பதியவைத்த மாவட்டம் செங்கல்பட்டு. ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1893இல் வந்த கல்வி ஆணை பஞ்சமர் பள்ளிகளுக்குப் புறம்போக்கு நிலம், கூடுதல் மானியம், அம்மக்களிலிருந்தே வரும் பயிற்சி ஆசிரியர்களுக்கு உதவித்தொகை ஆகியவற்றுக்கு வழிசெய்தது. ‘பொதுப் பள்ளி’க்குச் செலவிட்டால் அது சேரிக்கும் சேரும் என்ற பாவனையை அரசே கைவிட்ட தருணம் அது. (நில ஆணையின் கதியை 1994 அக்டோபர் 10 சொல்லும். காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டனர்.)

இரு நாடுகளிலும் பள்ளி தொடங்கிய ஒருவரும் உண்டு. கொழும்பில் கர்னல் ஆல்காட் முன்னின்ற பௌத்தக் கல்வி இயக்கத்தின் பள்ளிகள் மானியம் பெற்று வளர்ந்து, 1960-61இல் பெரும்பாலும் அரசுடைமையாயின. அடையாறில் 1894இல் அவர் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியோ விரல்விட்டு எண்ணத்தக்க சில பள்ளிகளோடு நின்றது. அங்கே பெரும்பான்மைச் சமூகம் பின்னால் நின்றது. இங்கே எதிரே நின்றது.

மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்கும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. தமிழ்நாட்டில் அப்பங்கு 20 விழுக்காடு. அதற்குச் சட்ட வடிவம் 2024இல்தான் கிடைத்தது. அச்சட்டத்தை வைத்து நாம் கேட்க வேண்டியது இன்னொரு தேசிய விழுக்காட்டை அல்ல. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, கல்பாக்கம் நகரியப் பள்ளி மாணவர் ஒருவருக்கு எவ்வளவு செலவாகிறது என்ற மூன்று எண்களை ஆண்டுதோறும் அருகருகே அச்சிடச் சொல்ல வேண்டும்.