கோப்ளின் சுறாவும் மடகாஸ்கர் பருந்துப்பூச்சியும்

கோப்ளின் சுறா (மிட்சுகுரினா ஓஸ்டோனி) ஆழ்கடலில் வாழும் குருத்தெலும்பு மீன். மடகாஸ்கர் பருந்துப்பூச்சி (சாந்தோபான் பிரெடிக்டா) அத்தீவின் காடுகளில் இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. உறவில் வெகு தொலைவிலுள்ள இவ்விரண்டும் வாயுறுப்பை முன்னே நீட்டி உண்பதால் ஒப்பிடத்தக்கவை.

சுறாவை 1898இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க மீனியலாளர் டேவிட் ஸ்டார் ஜோர்டான். யோக்கோகாமா அருகே பிடிபட்ட, சுமார் 107 செ.மீ. நீளமுள்ள இளம் ஆண் சுறா அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய வணிகர் ஆலன் ஓஸ்டன், தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் காகிச்சி மிட்சுகுரி ஆகிய இருவர் பெயரும் உயிரியற் பெயரில் நிலைத்தன. கிரெட்டேசியக் காலப் புதைபடிவப் பேரினமான ஸ்கபனோரிங்கஸில் இதைச் சேர்த்தவர்களும் உண்டு. தனிப் பேரினமாகக் கொள்வதே சரி.

பூச்சியின் வரலாறு மலரிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிரேக்கம் செஸ்குவிபெடாலே என்னும் மடகாஸ்கர் ஆர்க்கிடின் தேன்குழல் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுடையது. அடியில் மட்டுமே தேன் நிற்கும். அதை எட்டும் நாவுடைய அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். அது பருந்துப்பூச்சியாகவே இருக்கும் என்று இயற்கையியலாளர் வாலஸ் 1867இல் துணிந்து சொன்னார். 1903இல் வால்டர் ரோத்சைல்டும் கார்ல் ஜோர்டானும் அப்பூச்சிக்குப் பெயரிட்டனர் (இவர் சுறாவை அறிமுகப்படுத்திய ஜோர்டான் அல்லர்). ஆப்பிரிக்கப் பருந்துப்பூச்சி இனம் ஒன்றின் துணையினமாக அவர்கள் வைத்த அது, 2021இல் தனி இனமாக உயர்த்தப்பட்டது. நா நீண்டது மலரில் பதுங்கும் சிலந்தியிடமிருந்து தப்பவே என்ற பிற்கால வாதத்தைவிட, மலரும் பூச்சியும் ஒன்றையொன்று நீளச் செய்தன என்ற டார்வினின் விளக்கமே பொருந்துகிறது.

இயங்கும் முறையில் இரண்டும் எதிரெதிர். சுறாவின் தாடைகள் பின்னிழுக்கப்பட்டு, மீள்தன்மையுள்ள நாண்களில் விசை தேங்கி நிற்கும். இரை நெருங்கியதும் அவை நொடிக்கு 3.1 மீட்டர் வரை வேகத்தில் பாய்கின்றன. ஜப்பானியக் காணொலிகளை அளந்து 2016இல் வெளியான ஆய்வு இதற்குக் 'கவண் உணவூட்டம்' என்று பெயரிட்டது. பூச்சியின் நாவில் அவசரமில்லை. இரு பாதிகள் இணைந்த அக்குழாய் ஓய்வில் தலைக்கடியில் சுருண்டிருக்கும். உடல்நீர் அழுத்தத்தாலும் தசைகளாலும் நீளும். அளக்கப்பட்ட மிக நீண்ட நா 28.5 செ.மீ. பூச்சி தேன் உறிஞ்சும்போது மகரந்தத் திரள்கள் நாவின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும்.

இன்று கோப்ளின் சுறா பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அச்சுறுத்தல் குறைந்த இனமாக உள்ளது. பூச்சி வாழும் மடகாஸ்கரிலோ காடழிப்பு தொடர்கிறது.