வெயிலும் பலபடியும்: புனேயில் திசைமாறிய ஒரு கேள்வி

தமிழில் 'வெளுத்தல்' என்னும் சொல்லுக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள் உண்டு. அழுக்குத் துணி தூய்மை பெறுவதும் வெளுத்தல்தான். நல்ல துணி நிறம் இழப்பதும் வெளுத்தல்தான். அதற்கு அடுத்த கட்டத்துக்கு வேறு சொல் இருக்கிறது: இற்றுப்போதல். கிழிவதற்கு முன்பே நூல் தன் வலுவை இழந்துவிட்ட நிலை அது. நிறம் போவதையும் வலுப் போவதையும் மொழி தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்க, வேதியியல் அவ்விரண்டுக்கும் ஒளி என்னும் பொதுக் காரணத்தைக் கண்டது. அந்த வரலாற்றின் ஒரு கிளை புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் வழியாகச் செல்கிறது.

1950 ஜனவரி 3 அன்று நேரு திறந்துவைத்த அவ்வாய்வகத்தின் முதல் இரு இயக்குநர்களும் வெளிநாட்டவர்: ஜேம்ஸ் மக்பெயின், அவருக்குப் பின் ஜார்ஜ் ஃபின்ச். (1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஆக்சிஜன் உருளையுடன் ஏறிய அதே ஃபின்ச்தான்.) 1957இல் அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் கே. வெங்கடராமன். 1901இல் சென்னையில் பிறந்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையை வழிநடத்தியவர். 1952இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய செயற்கைச் சாயங்களின் வேதியியல் நூல், பின்னர் எட்டுத் தொகுதிகளாக வளர்ந்து, உலகெங்கும் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

சாயம் என்பது ஒளியை உறிஞ்சுவதையே தொழிலாகக் கொண்ட மூலக்கூறு. அது பற்றியிருக்கும் பருத்தி நூலோ செல்லுலோஸ் என்னும் இயற்கைப் பலபடி. (இலங்கைத் தமிழ் இதைப் பல்பகுதியம் என்கிறது, பகுதிகள் பல என்பதை அச்சொல் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது.) உறிஞ்சிய ஆற்றலைச் சாயம் வெப்பமாக்கிவிட்டால் சிக்கல் இல்லை. அவ்வாற்றல் சாயத்தையே சிதைத்தால் துணி வெளுக்கும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆலைக்காரர்களைத் திகைக்க வைத்தது அதுதான். வாட் சாயங்களில் சில மஞ்சள், ஆரஞ்சு வகைகள் வெயிலில் மங்குவதே இல்லை. ஆனால் அவை ஏற்றிய திரைச்சீலைகள், நிறம் குன்றாமல் நிற்கும்போதே, கைபட்டால் கிழிந்தன. ஒளியில் சாயம் தப்பித்துக்கொண்டு துணியைப் பலிகொடுத்தது.

இதன் காரணம் குறித்து 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் இரு கருத்துகள் மோதின. ஒளியுண்ட சாயம் தன் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. கிளர்ந்த ஆக்சிஜன் நூலைத் தாக்குகிறது என்றார் எகர்ட்டன். சாயமே செல்லுலோஸிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது என்றனர் பாம்ஃபோர்டும் டூவரும். எந்தச் சாயம், எந்தச் சூழல் என்பதைப் பொறுத்து இரண்டுமே நிகழக்கூடும். இங்கே கருத வேண்டியது வேறொன்று: கட்புலன் ஒளியை ஏறத்தாழ உறிஞ்சாத செல்லுலோஸ் அந்த ஒளியாலேயே அழிகிறது, உறிஞ்சுகின்ற இன்னொன்று அருகில் இருப்பதால்.

ஒளியை உமிழும் துணியும் இதே காலத்து வரவுதான். பருத்தி இயல்பிலேயே சற்று மஞ்சள் சாயல் கொண்டது. நீலம் போட்டு வெளுக்கும் பழைய முறையில், நீலத்தூள் அந்த மஞ்சளை விழுங்கி மறைக்கும்; துணியிலிருந்து திரும்பும் மொத்த ஒளி அதனால் குறையும். டினோபால் போன்ற ஒளிர்வெண்மையூட்டிகள் மறைப்பதில்லை, சேர்க்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்வதால், தன்மீது விழும் கட்புலன் ஒளியைவிட மிகுதியான ஒளியைத் துணி திருப்பித் தருகிறது. ஆயினும் இம்மூலக்கூறுகளும் நீண்ட வெயிலில் சிதைந்து மஞ்சளாகும். வெள்ளை வேட்டியை நிழலில் உலர்த்துவதற்குப் பின்னால் உள்ளது வெறும் வழக்கமன்று.

அடுத்த தலைமுறையில் ஆய்வுப்பொருள் துணியிலிருந்து நெகிழிக்கு நகர்ந்தது. 1950களில் ஸீக்ளரும் நாட்டாவும் கண்ட வினையூக்கிகள் பாலிஎத்திலீனையும் பாலிபுரோப்பிலீனையும் மலிவாக்கின. பித்தளைக் குடத்தின் இடத்துக்கு நெகிழிக் குடம் வந்தது. சில கோடைகளை வாசலில் கழித்த குடத்தைத் தொட்டவர்கள் அறிவர்: சுண்ணாம்புப் பூச்சு போன்ற தூள் விரலில் ஒட்டும், பிறகொரு நாள் விளிம்பு கையோடு வந்துவிடும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, வதோதராவின் பெட்ரோவேதி நிறுவனத்தில் பணியாற்றி, 1988இல் புனே ஆய்வகத்தின் பலபடிப் பிரிவுக்குத் தலைமையேற்றவர் எஸ். சிவராம். பின்னாளில் (2002–2010) அதன் இயக்குநராகவும் இருந்தார். அவரும் ஆர். பி. சிங்கும் எத்திலீன்–புரோப்பிலீன் இணைபலபடிகளின் சிதைவையும் நிலைப்பாட்டையும் குறித்து எழுதிய நீண்ட ஆய்வுத் தொகுப்பு 1991இல் 'அட்வான்சஸ் இன் பாலிமர் சயன்ஸ்' வரிசையில் வெளிவந்தது. அத்தகைய ஆய்வுகள் அனைத்தும் ஒரு புதிரிலிருந்தே தொடங்குகின்றன.

புதிர் இதுதான். பாலிஎத்திலீனின் வாய்பாட்டில் இருப்பவை கார்பன்–கார்பன், கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே. அவை ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட அலைநீளங்களைத்தான் உறிஞ்சும். வளிமண்டலத்தைக் கடந்து தரையை அடையும் சூரிய ஒளியோ சுமார் 290 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. ஆகவே, தூய பாலிஎத்திலீனுக்கு வெயில் என்ற ஒன்று இல்லவே இல்லை; ஒளி அதை ஊடுருவிச் சென்றுவிட வேண்டும். பிறகு குடம் ஏன் உடைகிறது?

வாய்பாட்டில் இல்லாதவற்றால் உடைகிறது. ஆலையில் நெகிழியை உருக்கி வார்க்கும்போது வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலியில் ஆங்காங்கே கார்பனைல், ஹைட்ரோபெராக்சைடு தொகுதிகளை உண்டாக்குகின்றன; வினையூக்கியின் எச்சமும் தங்கிவிடுகிறது. மிகச் சிறிய அளவே இருந்தாலும் தரைக்கு வரும் புற ஊதாவை உறிஞ்ச வல்லவை இவை. 300 நானோமீட்டர் ஒளியில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல் ஆற்றல் உண்டு. கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்க அதைவிடக் குறைவே போதும். அறுந்த இடத்தில் தோன்றும் தனி உறுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, அண்டைச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பறித்து, புதிய ஹைட்ரோபெராக்சைடை உருவாக்குகிறது. அதுவும் ஒளியில் பிளக்கிறது. கார்பனைல் தொகுதிகள் ஒளியில் பிளவுறும் இருவேறு வழிகள் நாரிஷ் என்பவரின் பெயரால் வழங்குகின்றன. பாலிபுரோப்பிலீனில் எளிதில் பறிக்கத்தக்க ஹைட்ரஜன்கள் மிகுதி; எனவே அது இன்னும் விரைவாக வீழ்கிறது. பொருளின் ஆயுளை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. பிறப்பின்போது ஏற்பட்ட பழுது தீர்மானிக்கிறது.

தடுப்பு முறைகளும் இதே அறிவிலிருந்து வந்தவை. மொட்டைமாடிகளில் நிற்கும் பழைய சின்டெக்ஸ் தொட்டிகளின் கறுப்பு அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலந்த கரித்தூள் மேற்பரப்பிலேயே ஒளியை விழுங்கிவிடுகிறது. நிறம் வேண்டுவோர்க்குப் பென்சோபீனோன் வகைச் சேர்மங்கள் உள்ளன. புற ஊதாவை உறிஞ்சித் தீங்கற்ற வெப்பமாக்குபவை. 1970களில் சந்தைக்கு வந்த அமீன் வகை நிலைப்படுத்திகளோ ஒளியைத் தடுப்பதே இல்லை. பிறக்கும் தனி உறுப்புகளைப் பிடித்து அடக்குகின்றன. ஒளி வந்த பின்னரும் காக்க முடியும் என்பது இவற்றால் தெரிந்தது.

அதே 1970களில் கேள்வி மறுதிசைக்கும் திரும்பியது. டொரான்டோவில் ஜேம்ஸ் கில்லட், பழுது என்று கருதப்பட்ட கீட்டோன் தொகுதியை வேண்டுமென்றே சங்கிலியில் பொருத்தினார்: தெருவில் எறியப்பட்டால் வெயிலில் நொறுங்கும் நெகிழி. பிரிட்டனில் ஜெரால்டு ஸ்காட் உலோகச் சேர்மங்களைக் கொண்டு, பயிர்க்காலம் வரை நின்று பிறகு உதிரும் வேளாண் விரிப்புகளை வடிவமைத்தார். நெகிழியை நிலைநிறுத்தும் முயற்சிகளோடு, மண்ணிலும் வெயிலிலும் அதைச் சிதைக்கும் ஆய்வுகளும் புனே ஆய்வகத்தில் இடம்பெற்றன. ஒரே வேதியியல், இரு நோக்கங்கள்.

இதைத் தீர்வு என்று கொண்டாடியவர்கள் நொறுங்குதலையும் மறைதலையும் குழப்பிக்கொண்டனர். சங்கிலி மிகக் குறுகினால்தான் நுண்ணுயிர்கள் அதை உண்ண முடியும்; அதற்கு முன் நிற்பவை வெறும் துண்டுகள். 2004இல் ரிச்சர்டு தாம்சன் கடற்கரை மணலில் இத்தகைய துகள்களைக் கண்டு எழுதிய கட்டுரைக்குப் பின்னர், 'நுண்நெகிழி' என்னும் சொல் பரவியது. ஆக்சிஜனேற்றத்தால் துண்டாகும் இவ்வகை நெகிழிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு ஆணையால் விலக்கியது.

மகாராஷ்டிரம் 2018 மார்ச்சில் நெகிழிப் பைகளுக்குத் தடை அறிவித்தது. இந்திய அரசின் விதிகள் பைகளைத் தடிமனால் அளக்கின்றன: 2021 செப்டம்பர் முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் இறுதி முதல் 120. ஒளிக்கு அந்த அளவுகோல் முழுதாகப் பொருந்தாது. பத்தாண்டு வெயிலைத் தாங்கும் கறுப்புத் தொட்டியும் ஒரு கோடையில் உதிரும் பையும் ஒரே பாலிஎத்திலீன் குடும்பம். முளா–முட்டா ஆற்றின் வண்டலில் புதைந்த பைக்கோ கோடையே கிடையாது. அதன் சங்கிலியில் எத்தனை கார்பனைல் இருந்தாலும், ஒளி எட்டாத அந்தச் சேற்றில், அவற்றுக்கு உறிஞ்ச ஒன்றுமில்லை.