சட்டமும் பொதுக்கருத்தும்: தன்பாலினத்தவர் திருமணம் பற்றிய அயர்லாந்து அனுபவம்

ஒரு சமுதாயத்தின் ஒழுக்க நியமங்கள் அச்சமுதாயத்தினருக்கு அநாதியானவையாகவே தோன்றுகின்றன. அவை குறிப்பிட்ட வரலாற்றுச் சூழ்நிலைகளில் உருவாகி, அச்சூழ்நிலைகள் மாறத் தாமும் மாறுவன என்பதற்கு அயர்லாந்து தக்க சான்றாகும். 2015 மே 22 ஆம் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில் 62 சதவீதத்தினர் தன்பாலினத்தவர் திருமணத்துக்கு ஆதரவளித்தனர். 43 தொகுதிகளுள் ஒன்று மட்டுமே எதிர்த்தது. நாடளாவிய மக்கள் வாக்கினால் இவ்வுரிமையை ஏற்ற முதலாவது நாடு அதுவே. ஆண்களிடையே இத்தகைய உறவு அங்கு 1993 வரை தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் இம்மாற்றம் நிகழ்ந்தது எவ்வாறு என்பதை நோக்குவோம்.

அக்குற்றத்தை வகுத்த 1861, 1885 ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றியவை. 1922 இல் சுதந்திர அரசு அமைந்த பின்னரும் அவை நிலைத்தன. அந்நிய ஆட்சியை எதிர்த்த தேசியம் கத்தோலிக்கத்தைத் தன் தனித்துவத்தின் அடையாளமாகக் கொண்டிருந்தது. 1937 ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, திருமணத்தின் அடிப்படையிலமைந்த குடும்பத்துக்குச் சிறப்பிடம் வழங்கியது. இவ்வாறு, ஆண்டவர் விட்டுச்சென்ற சட்டம் ஆளப்பட்டோரின் சுதேச ஒழுக்கமாகியது.

டப்ளின் றினிற்றிக் கல்லூரியின் இலக்கிய விரிவுரையாளர் டேவிட் நோரிஸ் இச்சட்டங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கை, அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1983 இல் 3 க்கு 2 என்ற பெரும்பான்மையால் நிராகரித்தது. அரசின் கிறித்தவ இயல்பு அதற்கு ஒரு நியாயமாகக் கூறப்பட்டது. 1988 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் சட்டத்தை நீக்க ஐந்து ஆண்டுகள் சென்றன. மணவிலக்கை அனுமதிக்கும் யோசனையையே 1986 இல் மக்கள் தோற்கடித்திருந்தனர். 1995 இல் அது சுமார் 9,000 வாக்குகள் வித்தியாசத்திலேயே நிறைவேறியது. எனவே, 1993 இல் சட்டம் பொதுக்கருத்தைத் தொடரவில்லை. அதற்கு முன்னே சென்றது எனலாம்.

எனினும், சட்டம் தனித்து மனங்களை மாற்றியதன்று. கருத்தடை, மணவிலக்கு ஆகியவற்றுக்காகப் பெண்கள் இயக்கம் நடத்திய நீண்ட போராட்டம் வழிசமைத்தது. திருச்சபை நிறுவனங்களில் சிறுவர் அனுபவித்த கொடுமைகளை 2009 இல் வெளியான றையன் ஆணைக்குழு அறிக்கை விரிவாக வெளிப்படுத்தியபோது, ஒழுக்கத்தின் காவலர் என்ற திருச்சபையின் அதிகாரம் மேலும் சரிந்தது. குற்றவாளி என்ற அச்சம் நீங்கியோர் தம் வீட்டாரிடமும் அயலாரிடமும் வாய்திறந்து பேசத் தொடங்கினர். 2010 ஆம் ஆண்டின் குடிசார் இணைவுச் சட்டம் அவர்களது வாழ்க்கையைப் பலரும் காணச் செய்தது. 2015 இல் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் தம் பிள்ளைகளுக்காகப் பேசினர். புலம்பெயர்ந்த இளைஞர் வாக்களிக்கவென்றே நாடு திரும்பினர். சட்டம் திறந்த வெளியில் மக்கள் உழைப்பு கருத்தை மாற்றியது. மாறிய கருத்து மீண்டும் சட்டத்தை மாற்றியது.

கல்வி பரவக் காலப்போக்கில் மனங்கள் தாமே மாறும் என்பாருளர். அயர்லாந்தைப் போன்றே கத்தோலிக்கப் பாரம்பரியமுடைய குரோசியாவில், 2013 இல் வாக்களித்தோருள் ஏறத்தாழ 66 சதவீதத்தினர் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே உரியதென யாப்பில் எழுதச் செய்தனர். காலம் தானாக எதனையும் செய்வதில்லை. சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையினரின் வாக்குக்கு விடும் முறையின் அபாயத்தையும் இது காட்டுகின்றது. அயர்லாந்திலும் குடும்பம் என்னும் பழைய நிறுவனத்தின் பெயராலேயே புதிய உரிமை கோரப்பட்டது. அதுவே வெற்றிக்கு உதவியது. திருமணத்துக்கு வெளியே வாழ்வோர் பற்றிய கேள்வியோ எஞ்சியே நிற்கின்றது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1883 ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளும் அதே குடியேற்ற ஆட்சியின் படைப்புகளே. அயர்லாந்து தன் சட்டத்தை நீக்கி இரண்டாண்டுகளின் பின்னர், 1995 இல், இலங்கை 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரிவாக்கியது. அப்பிரிவுகளைத் திருத்திக் குற்றநிலையை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 இல் நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. திருமணம் பற்றிய விவாதம் அதற்கு அப்பாலுள்ளது. ஆயினும், நமது பண்பாட்டின் பெயரால் இப்பிரிவுகளைக் காக்க முனைவோர், அவை எவர் கையால் எழுதப்பட்டவை என்பதை முதலில் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.