வைப்பு என்னும் சொல்லும் கடன் என்னும் சட்டமும்

வங்கியில் பணம் செலுத்திய ஒருவர் 'என் பணம் வங்கியில் இருக்கிறது' என்கிறார். மொழியளவில் இத்தொடரில் பிழை இல்லை. சட்டத்தின் பார்வையில் இரண்டு பிழைகள் உண்டு. செலுத்திய கணமே அப்பணம் அவருடையதாக இல்லாமற் போகிறது. அது வங்கியிலேயே இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவரிடம் எஞ்சுவது அதே அளவுத் தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டுமே. வங்கி கடனாளி; வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர். வங்கிச் சட்டத்தின் முதற்பாடம் இதுவே. இந்தியாவில் இப்பாடத்தின் வரலாற்றை உற்று நோக்கினால், நீதிமன்றங்கள் ஒதுக்கிவைத்த ஒரு சொற்பொருளைச் சட்டங்கள் சிறிது சிறிதாக மீட்டெடுத்து வந்திருப்பது புலப்படும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் 'வைப்பு' என்பது 'வை' என்னும் வினையிலிருந்து பிறந்தது. திருக்குறளின் 226ஆம் பாடலில் வரும் 'வைப்புழி' பொருளைச் சேமித்து வைக்கும் இடத்தைக் குறிக்கிறது. வடமொழி 'நிக்ஷேபம்', இலத்தீன் 'டெபொசிட்டும்' ஆகிய இரண்டும் 'கீழே இடுதல்' என்னும் பொருளிலிருந்து வளர்ந்தவை. மூன்று மொழிகளிலும் கருத்து ஒன்றே: வைத்தது வைத்தபடி இருக்கும்; வைத்தவருக்கே உரியது.

பழைய இந்திய நீதிநூல்கள் இவ்வேறுபாட்டில் தெளிவாக இருந்தன. மனு வகுத்த 18 வழக்கு வகைகளில் கடன் முதலாவது, நிக்ஷேபம் இரண்டாவது. அர்த்தசாஸ்திரமும் கடனையும் ஒப்படைத்த பொருளையும் அடுத்தடுத்த தனி அதிகாரங்களில் பேசுகிறது. பிறர் ஒப்படைத்த பொருளைப் பயன்படுத்திக்கொண்டவர் அதற்கான ஈட்டுத்தொகையோடு 12 பண நாணயங்கள் தண்டமும் செலுத்தவேண்டும் என்கிறது அந்நூல். கடன் வாங்கியவர் பயன்படுத்தலாம். காத்துவைக்க வாங்கியவர் தொடக்கூடாது.

இங்கிலாந்தில் இவ்வெல்லை 1848இல் ஃபோலி எதிர் ஹில் வழக்கில் சோதிக்கப்பட்டது. ஃபோலி 1829இல் ஆறாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தொகையை 3 விழுக்காடு வட்டிக்கு வங்கியரிடம் விட்டிருந்தார். 1838இல் அவர் வழக்குத் தொடுத்தபோது, காலவரம்பு கடந்துவிட்டது என்று வங்கியர் எதிர்வாதம் செய்தனர். வங்கியர் தம் பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்று ஏற்கப்பட்டால் அவ்வாதம் வீழ்ந்திருக்கும். பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. செலுத்தப்பட்ட பணம் வங்கியரின் பணமே. அவர் அதை விரும்பியவாறு ஈடுபடுத்தலாம். கேட்கும்போது அதற்கிணையான தொகையைத் தரவேண்டும், அவ்வளவுதான் என்று காட்டன்ஹாம் பிரபு விளக்கினார்.

இத்தீர்ப்பில் வணிக நியாயம் உண்டு. பணத்தைத் தொடக்கூடாது என்றால் வங்கி கடன் கொடுக்க இயலாது. வட்டியும் தர இயலாது. ஆயினும் இந்நியாயத்தின் விலையை வைப்பாளர்களே செலுத்த நேர்ந்தது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் பணம் வழங்குவதை நிறுத்தியது. பணத்தை 'வைத்திருந்த' ஆயிரக்கணக்கானோர், தாம் கடன்கொடுத்தோர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் மட்டுமே என்பதை அன்று அறிந்தனர். 1913இல் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கியும் பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் வீழ்ந்தபோது அதே பாடம் வடக்கிலும் மேற்கிலும் கற்பிக்கப்பட்டது.

வைப்பு வேறு, கடன் வேறு என்பதைச் சட்டத்தின் சொற்கள் முற்றிலும் மறந்துவிடவில்லை. 1908ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அதற்குச் சான்று. கேட்டவுடன் தரவேண்டிய கடனுக்குக் கடன் கொடுத்த நாளிலிருந்தே மூன்றாண்டுகள் எண்ணப்படும். கேட்டவுடன் தரவேண்டிய வைப்புக்கோ, கேட்ட நாளிலிருந்துதான் எண்ணப்படும். வங்கி வாடிக்கையாளரின் பணம் இவ்வகையில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் இதற்கொத்த நெறி, அதாவது வாடிக்கையாளர் கேட்ட பின்னரே வங்கியின் கடப்பாடு வழக்காடத்தக்கதாகிறது என்பது, 1921இல் ஜோகிம்சன் வழக்கில்தான் நிலைபெற்றது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21, 22ஆம் உறுப்புகள் இந்த வேறுபாட்டை இன்றும் அருகருகே காட்டுகின்றன. பல ஆண்டுகள் தொடாத கணக்கின் உரிமையாளரைக் காப்பது ஒரு சொல்லின் வேறுபாடு.

எனினும் காலவரம்பு நெறி, திவாலான வங்கியிடமிருந்து பணத்தை மீட்டுத் தராது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், கடன் கொடுக்கவோ முதலீடு செய்யவோ பொதுமக்களிடம் வைப்பு ஏற்பதே வங்கித்தொழில் என வரையறுத்தது. பணம் பயன்படுத்தப்படும் என்பது இவ்வரையறையிலேயே அடங்கியிருக்கிறது. 1960இல் ரிசர்வ் வங்கியின் மனுவின்பேரில் கேரள உயர் நீதிமன்றம் பாலை சென்ட்ரல் வங்கியைக் கலைக்க ஆணையிட்டது. அவ்வதிர்ச்சிக்குப் பின் 1961இல் வைப்புக் காப்பீட்டுக் கழகச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் செயற்பட்டது. ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு ரூ. 1,500 வரை காப்பு கிடைத்தது. இவ்வரம்பு 1993இல் ஒரு லட்சமாகவும் 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாகவும் உயர்ந்தது.

அதே 1962இல் சாந்தி பிரசாத் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கிக்கும் வைப்பாளருக்கும் உள்ள உறவு கடனாளி, கடன்கொடுத்தோர் உறவே என்று மீண்டும் உறுதிசெய்தது. ஓராண்டுக்குள் நிகழ்ந்த இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. நீதிமன்றம் உறவின் இயல்பைச் சொன்னது. சட்டம் அவ்வுறவில் நலிந்த தரப்பு எது என்பதை ஒப்புக்கொண்டது. பிற கடன்களில் கடன் கொடுப்பவர் கடனாளியின் நிலைமையை ஆராய்ந்தறிந்து கொடுக்கிறார். வங்கிக்குக் கடன் கொடுப்பவரோ, தாம் கடன் கொடுக்கிறோம் என்பதையே அறிவதில்லை.

ஆகவே ஐந்து லட்சம் என்னும் வரம்பை ஒரு மொழியியல் எல்லையாகவும் படிக்கலாம். அத்தொகை வரை 'வைப்பு' என்னும் சொல் தன் பழைய வாக்கைக் காப்பாற்றுகிறது. அதற்கு மேற்பட்டதெல்லாம் இன்றும் 1848இன் பொருளில் கடன்தான்.