தேய்மானம்: அளவு காட்டும் கருவிகளின் கதை

பி.காம். படிக்கிற யாரைக் கேட்டாலும் தேய்மானம் என்றால் என்னவென்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள். இயந்திரத்தின் விலையிலிருந்து காயலான்கடை விலையைக் கழி, ஆயுளால் வகு. நேர்கோட்டு முறை. வருடா வருடம் ஒரே தொகை, லாப நட்டக் கணக்கில் ஒரு வரி, முடிந்தது வேலை. ஆனால் நிஜ இயந்திரம் இப்படிக் கோடு போட்டுத் தேய்வதில்லை. சில பாகங்கள் தேய்ந்தது வெளியே தெரியக்கூடத் தெரியாது. இந்தப் பதிவு அப்படி ஒரு பாகத்தின் வரலாறு: பாய்லரிலும் பெட்ரோல் டேங்க்கிலும் திரவம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி.

பம்ப் தேய்ந்தால் சத்தம் போடும், ஒழுகும், கடைசியில் நின்றுவிடும். அளவு காட்டும் கருவி தேய்ந்தால் சத்தமே வராது. அது பாட்டுக்கு ஏதோ ஒரு அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த அளவை நாமும் நம்பிக்கொண்டே இருப்போம். ஆபத்து அங்கேதான்.

முதலில் பாய்லர். நீராவி என்ஜின் வந்த புதிதில் பாய்லருக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அறிய அதன் பக்கத்தில் இரண்டு சின்னத் திருகுகள் வைத்திருந்தார்கள். மேல் திருகைத் திறந்தால் ஆவி வர வேண்டும், கீழ்த் திருகைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். கீழேயும் ஆவி வந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நெருப்புக்கு மேலே இருக்கும் இரும்புத் தகடு தண்ணீரில் மூழ்கி இருக்கிறவரைதான் பலமாக இருக்கும். தண்ணீர் இறங்கினால் தகடு பழுக்கக் காய்ந்து இளகும். உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் பாய்லர் வெடித்துவிடும்.

19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக் குழாய் பரவலாக வந்தது. பாய்லரோடு மேலும் கீழும் இணைத்த ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டம் கண்ணாடியிலும் தெரியும். எளிமையான ஏற்பாடு. ஆனால் கொதிக்கிற தண்ணீரும் அதில் கலந்திருக்கும் காரமும் கண்ணாடியை உள்பக்கமாக அரிக்கும். நாளாக ஆகக் கண்ணாடி மெலியும், மங்கும், ஒருநாள் உடையும். அதனால் மாற்றுக் குழாய்களைக் கையிருப்பில் வைத்திருப்பார்கள்.

மாற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. இரண்டு பக்கத் திருகையும் மூட வேண்டும். பழைய கண்ணாடித் துண்டுகளையும் இறுகிப்போன ரப்பர் வளையங்களையும் சுத்தமாக எடுக்க வேண்டும். புதுக் குழாயைக் கொஞ்சம் இடைவெளி இருக்கிற மாதிரி அளவாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் நீண்டு முட்டி உடைந்துவிடும். வளையத்தை ரொம்பவும் இறுக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் ஆவியை விட்டுக் கண்ணாடியைச் சூடேற்றிவிட்டுத்தான் முழு அழுத்தத்தையும் விட வேண்டும்.

இதைவிட முக்கியம், மாற்றாத நாளிலும் சோதிப்பது. கண்ணாடிக்குப் போகிற வழி அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடியில் பழைய மட்டமே நிற்கும். அதனால் பாய்லர்காரர்கள் அடிக்கடி வடிகால் திருகைத் திறந்து கண்ணாடியைக் காலி செய்வார்கள். பிறகு மூடினால் தண்ணீர் சட்டென்று ஏறி வர வேண்டும். சோம்பலாக ஏறினால் எங்கோ அடைப்பு. அதாவது கருவி என்ன காட்டுகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, அது நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். பாய்லர் வெடிப்புகள் அடிக்கடி நடந்ததால் 1854இல் மான்செஸ்டரில் பாய்லர் வைத்திருந்த முதலாளிகளே சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து ஆய்வாளர்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். 1866இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பாய்லர் ஆய்வையும் காப்பீட்டையும் ஒன்றாகச் செய்யும் நிறுவனம் தொடங்கியது. ஆய்வு செய்யாமல் காப்பீடு இல்லை. 1882இல் பிரிட்டன் பாராளுமன்றம், பாய்லர் வெடிப்புகளை விசாரிக்கச் சட்டம் போட்டது.

இவ்வளவு கற்ற பிறகும் 2005ஆம் ஆண்டு அதே பாடம் இரண்டு முறை திரும்பி வந்தது.

முதல் முறை மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில். ஒரு பெரிய கோபுரத்துக்குள் திரவம் சுமார் 48 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த கருவியோ அது 3 மீட்டருக்கும் கீழே இருப்பதாகவும், மெல்ல இறங்கி வருவதாகவும் காட்டியது. நேரில் போய்ப் பார்க்கக் கோபுரத்தின் பக்கத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. ஆனால் அழுக்கேறி ஒன்றும் தெரியாத நிலையில் கிடந்தது. திரவம் வழிந்து, ஆவியாகித் தீப்பற்றியது. 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள்.

இரண்டாவது முறை டிசம்பர் 11, இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கில். இதுதான் பாகம் மாற்றுவது பற்றிய கதை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே 912ஆம் எண் டேங்க்கில் இருந்த கருவி எப்படி வேலை செய்யும் தெரியுமா? ஒரு மெல்லிய கம்பியில் ஓர் எடை தொங்கும். பெட்ரோல் மட்டம் ஏற ஏற ஒரு சிறிய மோட்டார் கம்பியைச் சுற்றி எடையை மேலே தூக்கும். எவ்வளவு கம்பி சுற்றப்பட்டது என்பதை வைத்து மட்டம் கணக்காகும். இந்தக் கருவி அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து விபத்து நாள்வரை 14 முறை சிக்கிக்கொண்டது. சில முறை பராமரிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். சில முறை மேற்பார்வையாளர்களே எடையை உச்சிவரை தூக்கி மறுபடி இறக்கிவிட்டுச் சரிக்கட்டினார்கள். சில முறை பழுதென்று பதிவுகூடச் செய்யவில்லை. ஏன் சிக்குகிறது என்பதற்குக் கடைசிவரை யாரும் விடை காணவில்லை.

டிசம்பர் 10 மாலை 7 மணிக்கு டேங்க்கில் பெட்ரோல் ஏற ஆரம்பித்தது. விடியற்காலை 3 மணிக்கு மேல் திரையில் மட்டம் அசையவே இல்லை. பெட்ரோலோ மணிக்கு சுமார் 550 கன மீட்டர் வந்துகொண்டே இருந்தது. எச்சரிக்கை மணிகளும் அதே கருவியின் அளவை நம்பித்தான் இருந்தன, அதனால் ஒன்றும் ஒலிக்கவில்லை.

சரி, இப்படி ஆகும் என்று தெரிந்துதானே இரண்டாவது காவல் ஒன்று வைத்திருந்தார்கள்? ஆமாம். டேங்க்கின் உச்சியில் தனியாக ஒரு சுவிட்ச். பெட்ரோல் அதைத் தொட்டால் வரத்து தானாகவே நிற்க வேண்டும். பழையதை எடுத்துவிட்டு 2004 ஜூலையில்தான் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதில் சோதிப்பதற்கு ஒரு நெம்புகோல் உண்டு. சோதித்த பிறகு அது சரியான நிலையில் நிற்க ஒரு சாதாரணப் பூட்டுப் போட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் இடம் மாறி, சுவிட்ச் வேலை செய்யாமலே கிடக்கும்.

அந்தப் பூட்டைப் போடவில்லை! யாரோ கண்டபடி கை வைக்காமல் இருக்கத்தான் பூட்டு என்று பொருத்தியவர்கள் நினைத்துவிட்டார்கள். அது இல்லாமல் சுவிட்சே வேலை செய்யாது என்பதைச் செய்து கொடுத்தவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. கிடங்கு நடத்தியவர்களும் கேட்கவில்லை.

காலை 5.20க்கு மேல் டேங்க் நிரம்பி வழிந்தது. 2,50,000 லிட்டருக்கும் மேல் பெட்ரோல் வெளியேறி வெள்ளை மூடுபனி மாதிரிப் பரவியது. 6.01க்கு வெடித்தது. 20க்கும் மேற்பட்ட டேங்க்குகள் எரிந்தன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் பக்கத்து அலுவலகங்களில் ஆளில்லை. 43 பேர் காயமடைந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. இதே விபத்து திங்கள் காலை 10 மணிக்கு நடந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். மொத்த நஷ்டம் சுமார் 100 கோடி பவுண்டு. 2010இல் நீதிமன்றம் ஐந்து நிறுவனங்களுக்கு அபராதமும் செலவுத் தொகையுமாக சுமார் 95 லட்சம் பவுண்டு விதித்தது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இங்கே எல்லாக் காகிதமும் சரியாகத்தான் இருந்திருக்கும். சுவிட்ச் வாங்கியதற்கு ஆர்டர் உண்டு, பில் உண்டு, பொருத்தியதற்குக் கூலி உண்டு. பொருள் கை மாறியது, பணம் கை மாறியது. அந்தப் பொருளில் எந்தத் துண்டு எதற்காக இருக்கிறது என்ற விவரம் மட்டும் கை மாறவில்லை. பில்லில் அதற்கு ஒரு வரி கிடையாது.

விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் 2009இல் வந்த புதிய வழிகாட்டுதல்கள், அளவு காட்டும் கருவியோடு சம்பந்தமில்லாமல் தனியாக இயங்கும் தடுப்பு வேண்டும் என்றும், அதைக் குறித்த காலத்தில் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. யோசித்தால், கண்ணாடியைக் காலி செய்து தண்ணீர் திரும்ப ஏறுகிறதா என்று பார்த்த அந்தக் கால பாய்லர்காரர் செய்ததும் இதுதான்.

நம்மில் பலர் நாளை ஏதாவது ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவிலோ கொள்முதல் பிரிவிலோ உட்காரப் போகிறோம். "இந்தக் கருவி மறுபடி சிக்குகிறது, மாற்ற வேண்டும்" என்று ஒரு சீட்டு நம் மேஜைக்கு வரும். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அடுத்த வருட பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுவது ரொம்ப சுலபம். பன்ஸ்ஃபீல்டில் அந்த 14 முறையும் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.